ஒலி வரிசையை அளப்பது எப்படி: பறவைப் பாட்டு முதல் விரல் தட்டு வரை

கடிகார முள் எழுப்பும் ஒலிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனாலும் காது அவற்றை "டிக்-டாக், டிக்-டாக்" என்று இரண்டிரண்டாகப் பிரித்தே கேட்கிறது. அந்தத் தாளம் கடிகாரத்தில் இல்லை, கேட்பவரின் மூளையில் இருக்கிறது. ஒரு குருவியின் பாட்டையோ தவளைகளின் கூட்டொலியையோ கேட்டு "தாளம் தப்பாமல் பாடுகிறதே" என்று வியக்கும்போதும் இதே சிக்கல்தான்: வியப்பு விலங்கிடமிருந்து வந்ததா, நம்மிடமிருந்து வந்ததா என்று காதால் மட்டும் சொல்ல முடியாது. அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அளப்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு ரெக்கார்டர், ஒரு கணினி, எக்செல் போன்ற ஒரு கணக்குத் தாள், இலவச மென்பொருள்கள் இரண்டு இருந்தால் போதும். பொது வேலைக்கு ஆடாசிட்டி. மனிதப் பேச்சுக்கு, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய பிராட். பறவைகளோடு அதிகம் வேலை செய்பவர்கள் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் ரேவன் லைட்டை எடுத்துக்கொள்ளலாம்.

ஒலி எங்கே பிறக்கிறது என்று தெரிந்தால்தான் எதைக் குறிப்பது என்று தெரியும்

மனிதர் உட்படப் பாலூட்டிகளில் ஒலி பிறக்குமிடம் குரல்வளை. நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல் மடிப்புகளைத் தானாக அதிர வைக்கிறது. தசை ஒவ்வோர் அதிர்வையும் தனித்தனியாக இயக்குவதில்லை. இறந்துபோன யானையின் குரல்வளையை எடுத்து அதனுள் காற்றைச் செலுத்திப் பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வு, யானையின் மிகத் தாழ்ந்த உறுமலும் இதே வழியில்தான் பிறக்க முடியும் என்று காட்டியது. பறவைகளுக்கு ஒலியுறுப்பு மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், நெஞ்சுக்குள் இருக்கிறது. அதன் பெயர் சிரிங்க்ஸ். பாடும் பறவைகளால் அதன் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியாக இயக்க முடியும். ஆகவே ஒலியைப் படமாக்கிக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோடுகள் தெரிந்தால், இரண்டு பறவைகள் என்று உடனே எழுதிவிடாதீர்கள். ஒரே பறவையாக இருக்கலாம்.

தாளத்துக்கு இதைவிட முக்கியம் மூச்சு. கேனரிப் பறவை வேகமாகப் பாடும்போது ஒவ்வோர் அசைக்கும் (இடையறாமல் வரும் ஒவ்வோர் ஒலித்துண்டுக்கும்) நடுவில் ஒரு குட்டி மூச்சு இழுத்துக்கொள்கிறது. விநாடிக்குச் சுமார் 30 அசை வரை இது நடக்கும். அதற்கு மேல் வேகம் போனால் மூச்சு இழுக்க நேரம் இல்லை, ஒரே மூச்சைத் துண்டுதுண்டாக வெளியே தள்ளுகிறது. அசைகளுக்கு நடுவே தெரியும் மௌனம் வெற்றிடம் இல்லை, பல நேரம் அது ஒரு மூச்சு. அளக்கும்போது மௌனத்தையும் பாட்டின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ள வேண்டியதற்கு இதுதான் காரணம்.

பதிவு

ரெக்கார்டரில் வேவ் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். மாதிரி வீதம் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பது) 48 கிலோஹெர்ட்ஸ், ஆழம் (ஒவ்வோர் அளவும் எவ்வளவு நுட்பமானது என்பது) 24 பிட். எம்பி3 வேண்டாம்: மனிதக் காதுக்குக் கேட்காது என்று அது கருதும் பகுதிகளை நீக்கிவிடும், கூர்மையான தொடக்கங்களுக்கு முன்னால் மங்கலான ஒரு நிழலையும் சேர்த்துவிடும். நாம் அளக்கப்போவது அந்தத் தொடக்கத்தைத்தான்.

மாதிரி வீதத்தில் பாதி அளவு அதிர்வெண் வரைதான் பதிவாகும். 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் 24 வரை. பறவைக்கும் மனிதருக்கும் தவளைக்கும் இது தாராளம். எலிகளின் மீயொலிக்கும் வௌவாலுக்கும் போதாது. அங்கே 250 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பதியும் கருவியும் அதற்கேற்ற மைக்கும் வேண்டும்.

மிக உரத்த அசை வரும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி அளவை வையுங்கள். உச்சி தட்டையாக வெட்டுப்பட்டால் படத்தில் இல்லாத மேல்சுரங்கள் முளைக்கும், பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. தானியங்கி ஒலி அளவுக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். அது மெல்லிய அசையை உயர்த்தி, உரத்த அசையைத் தாழ்த்தி, இரைச்சலை மூச்சு வாங்குவதுபோல ஏற்றி இறக்கும். கைப்பேசியில் பதிவதானால் இரைச்சல் நீக்கும் வசதியையும் அணைத்தாக வேண்டும். முடியாது என்றால் அந்தச் செயலியை விட்டுவிட்டு வேறு செயலி தேடுங்கள்.

தொலைவைக் குறித்து வையுங்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. இரண்டு விலங்குகள் மாறி மாறிக் கூவுவதைப் பதியும்போது, ஒன்று மைக்குக்கு அருகிலும் மற்றது அதைவிட 34 மீட்டர் தள்ளியும் இருந்தால், தள்ளியிருப்பதன் ஒலி ஏறத்தாழ 100 மில்லி விநாடி தாமதமாக வந்து சேரும். மனித உரையாடலில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளியே சராசரியாக 200 மில்லி விநாடிப் பக்கம்தான். அந்த அளவு நுட்பத்தில் கேள்வி கேட்கும்போது 100 மில்லி விநாடிப் பிழை எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

பூச்சி, தவளை பதிவு செய்கிறீர்கள் என்றால் வெப்பநிலையைக் கட்டாயம் எழுதுங்கள். அவற்றின் உடல் வெப்பம் சூழலோடு ஏறி இறங்கும், தாளமும் கூடவே ஏறி இறங்கும். சில்வண்டு நிமிடத்துக்கு எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணியே வெப்பநிலையைக் கணக்கிடும் வாய்பாட்டை அமோஸ் டோல்பியர் 1897ல் வெளியிட்டார். வெப்பநிலை இல்லாத பூச்சிப் பதிவில் "இந்த இனம் வேகமானது, அந்த இனம் மெதுவானது" என்று சொல்ல வழியே கிடையாது.

படம் போட்டுக் குறித்தல்

பதிவை ஸ்பெக்ட்ரோகிராமாகத் திறங்கள். கிடைமட்டம் நேரம், செங்குத்து அதிர்வெண், கருமை ஒலியின் வலிமை. இங்கே நீங்கள் முடிவு செய்யவேண்டிய ஒன்று சாளர நீளம், அதாவது மென்பொருள் ஒரு தடவையில் எடுத்துப் பகுக்கும் ஒலித்துண்டின் நீளம். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 256 மாதிரிச் சாளரம் என்றால் 5.3 மில்லி விநாடி. நேரம் கூர்மையாகத் தெரியும், அதிர்வெண் 187.5 ஹெர்ட்ஸ் படிகளாகத் தடித்துத் தெரியும். 2048 மாதிரிச் சாளரம் என்றால் 42.7 மில்லி விநாடி. அதிர்வெண் மெல்லிய கோடாகும், நேரம் இழுபடும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. தாளம் அளக்கச் சிறிய சாளரம், சுருதி பார்க்கப் பெரிய சாளரம்.

இதில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒரு விலங்கு விநாடிக்கு 100 துடிப்புகள் வீதம் படபடவென்று ஒலிக்கிறது. 5 மில்லி விநாடிச் சாளரத்தில் 10 மில்லி விநாடிக்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகள் நிற்கும். அதே பதிவை 43 மில்லி விநாடிச் சாளரத்தில் போட்டால் செங்குத்துக் கோடுகள் மறைந்து, 100 ஹெர்ட்ஸுக்கு ஒன்றாகக் கிடைமட்டக் கோடுகள் அடுக்காகத் தெரியும். முதல் படம் "தாளம்" என்கிறது, இரண்டாவது "சுரம்" என்கிறது. ஒலி மாறவில்லை, சாளரம்தான் மாறியது. எந்தக் கோப்பையும் குறிக்கத் தொடங்குமுன் இரண்டு சாளரத்திலும் ஒருமுறை பாருங்கள். தேர்ந்தெடுத்த பிறகு அந்த ஆய்வு முழுவதும் அதை மாற்றாதீர்கள்.

அசைகளைத் தானாகப் பிரிக்க, பின்னணி இரைச்சலுக்கு மேல் 10 டெசிபல் என்று வரம்பு வைத்துத் தொடங்கலாம். மிகக் குறைந்த மௌனம் 5 மில்லி விநாடி, மிகக் குறைந்த அசை நீளம் 10 மில்லி விநாடி என்று வைத்துப் பார்த்து, உங்கள் விலங்குக்கேற்ப மாற்றுங்கள். ஓர் அசை இரண்டாக உடைந்து வந்தால் மௌன அளவைக் கூட்டுங்கள். இரண்டு அசை ஒட்டி வந்தால் வரம்பை உயர்த்துங்கள். பிறகு ஒவ்வொன்றையும் கண்ணால் சரிபாருங்கள். தானியங்கிக் குறிப்பை அப்படியே கணக்குக்கு எடுத்துச் செல்வதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம்.

தொடக்கத்தைக் குறிப்பது எளிது, முடிவைக் குறிப்பது கடினம். மரம், சுவர், தரை எல்லாம் எதிரொலித்து அசையின் வாலை நீட்டிவிடும். 10 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வரும் எதிரொலி 29 மில்லி விநாடி தாமதமாக வருகிறது. குறுகிய அசையின் நீளத்தையே இரட்டிப்பாக்க அது போதும். தொடக்கமோ நேர்வழியில் முதலில் வந்துவிடுகிறது. ஆகவே தாளத்தை எப்போதும் தொடக்கத்திலிருந்து அடுத்த தொடக்கத்துக்கு அளங்கள். முடிவிலிருந்து தொடக்கத்துக்கு அளக்கும் மௌனம், நீங்கள் நின்ற இடத்தைப் பொறுத்து மாறும்.

மனிதப் பேச்சில் மட்டும் ஒரு விதிவிலக்கு. "பா, சா, பா, சா" என்று மேசையில் தட்டிக்கொண்டே சீராகச் சொல்லிப் பதிந்து பாருங்கள். "சா"வின் ஊதல் ஒலி தட்டுக்கு முன்பே தொடங்கிவிட்டிருக்கும். தட்டோடு ஏறத்தாழ ஒத்துவருவது "ஆ" என்ற உயிரொலியின் தொடக்கம். மெய்யின் தொடக்கத்தைக் குறித்தால், சீராகச் சொன்னதே கோணல்மாணலாக அளவில் தெரியும். பேச்சுக்கு உயிரொலித் தொடக்கத்தைக் குறியுங்கள். குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 மாத்திரை என்று இலக்கணம் வகுக்கிறதே, இயல்பான பேச்சில் அந்த விகிதம் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது பிராட்டில் கை பழக நல்ல முதல் பயிற்சி.

மொத்தப் பதிவில் பத்தில் ஒரு பங்கையாவது இன்னொருவர், உங்கள் குறிப்புகளைப் பார்க்காமல் குறிக்கட்டும். இருவரின் தொடக்கக் குறிகளும் சராசரியாக எவ்வளவு விலகுகின்றனவோ அதுதான் உங்கள் அளவுகோலின் தடிமன். 8 மில்லி விநாடி விலகல் இருந்தால் 5 மில்லி விநாடி வித்தியாசத்தைப் பற்றி எதுவும் எழுதக்கூடாது.

இடைவெளிக் கணக்கு

ஒரு மாதிரி வரிசையை எடுத்துக்கொள்வோம். ஏழு அசைகளின் தொடக்க நேரங்கள், மில்லி விநாடியில்: 0, 120, 240, 480, 605, 722, 960. அடுத்தடுத்த வித்தியாசம் எடுத்தால் ஆறு இடைவெளிகள்: 120, 120, 240, 125, 117, 238.

முதலில் தாள விகிதம். ஓர் இடைவெளியை, அதையும் அடுத்த இடைவெளியையும் கூட்டிய தொகையால் வகுங்கள். 120 ÷ (120 + 120) = 0.50. அடுத்து 120 ÷ 360 = 0.33. பிறகு 240 ÷ 365 = 0.66, 125 ÷ 242 = 0.52, 117 ÷ 355 = 0.33. விகிதம் 0.50 என்றால் இரண்டும் சமம், 0.33 என்றால் குட்டை-நெட்டை, 1க்கு 2, 0.67 என்றால் நெட்டை-குட்டை. வேகம் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் மாறாது என்பதுதான் இதன் அழகு. மடகாஸ்கரின் இந்த்ரி லெமூர்களின் பாட்டில் 1:1, 1:2 என்ற இரு விகிதங்களிலும் இடைவெளிகள் குவிகின்றன என்று 2021ல் காட்டியது இப்படிப்பட்ட கணக்கில்தான்.

அடுத்து இரண்டு எண்கள். ஒன்று மாறுபாட்டுக் கெழு: திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுப்பது. நம் வரிசையில் சராசரி 160, திட்ட விலக்கம் 61, கெழு 0.38. மற்றொன்று அண்டை வேறுபாடு: பக்கத்துப் பக்கத்து இடைவெளிகளின் வித்தியாசத்தை அந்த இரண்டின் சராசரியால் வகுத்து, எல்லா ஜோடிகளுக்கும் சராசரி எடுத்து 100ஆல் பெருக்குவது. நம் வரிசையில் 41 வருகிறது.

இப்போது அதே ஆறு இடைவெளிகளை இடம் மாற்றி வையுங்கள்: 120, 125, 117, 120, 240, 238. கெழு அதே 0.38. அண்டை வேறுபாடோ 16 ஆக விழுந்துவிட்டது. முதல் வரிசை ஒரு தாளக்கட்டு, இரண்டாவது வேகமாகத் தொடங்கி மெதுவாக முடியும் ஒன்று. கேட்டால் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். கெழுவுக்குத் தெரியாது, ஏனென்றால் அது வரிசையையே பார்ப்பதில்லை. தாளம் பற்றிப் பேச மாறுபாட்டுக் கெழு மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் இந்த ஆறு எண்களைக் கையால் ஒருமுறை கணக்குப்போட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கிருந்து வருவதுதான் குலுக்கல் சோதனை. உங்கள் வரிசையின் இடைவெளிகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் இடங்களை மட்டும் 1000 முறை குலுக்குங்கள். கணக்குத் தாளில் பக்கத்துப் பத்தியில் தற்செயல் எண்களை நிரப்பி, அதன்படி வரிசைப்படுத்தினால் ஒரு குலுக்கல். ஒவ்வொரு முறையும் அண்டை வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். உண்மையான வரிசையின் எண் குலுக்கல்களின் நடுவில் எங்கோ விழுந்தால், வரிசையில் ஒழுங்கு இருப்பதாகச் சொல்ல ஆதாரம் இல்லை, காது என்ன சொன்னாலும் சரி. ஓரத்தில் விழுந்தால்தான் பேச வேண்டும். ஆறு இடைவெளி எல்லாம் கை பழகத்தான். உண்மைச் சோதனைக்கு ஒரு விலங்கிடமிருந்து சில நூறு இடைவெளிகளாவது வேண்டும்.

குலுக்கல் எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். நம் எடுத்துக்காட்டில் இடைவெளிகள் 120 பக்கமும் 240 பக்கமும் மட்டுமே இருக்கின்றன. எப்படிக் குலுக்கினாலும் 0.33, 0.50, 0.67 விகிதங்கள்தான் வரும். ஆகவே "விகிதங்கள் குவிகின்றனவா" என்ற கேள்விக்கு வேறு ஒப்பீடு தேவை: மிகக் குறைந்த இடைவெளிக்கும் மிக அதிக இடைவெளிக்கும் நடுவில் எந்த எண்ணும் சம வாய்ப்போடு வரும்படி செயற்கை இடைவெளிகளை உருவாக்கி, அவற்றின் விகிதங்களோடு ஒப்பிடுங்கள். அப்படிச் செய்யும்போது ஒன்று தெரியவரும்: எந்த விகிதம் எத்தனை முறை வருகிறது என்று வரைந்தால், செயற்கை இடைவெளிகளிலும் 0.50 பக்கம் ஒரு மேடு இருக்கும். 0.50ல் ஒரு மேட்டைப் பார்த்ததும் "சீரான தாளம்" என்று எழுதிவிடுவது இத்துறையில் புதியவர்கள் விழும் பள்ளம். உங்கள் மேடு செயற்கை மேட்டைவிடக் கூர்மையாக இருக்கிறதா என்பதே கேள்வி.

இன்னொன்று. ஒரே பறவையின் 300 பாட்டு, 300 பறவைகளுக்குச் சமம் ஆகாது. இனத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் எண்ண வேண்டியது தனித்தனி விலங்குகளை.

எதற்குப் பின் எது

நேரத்தை விட்டுவிட்டு இப்போது அசைகளின் வகையைப் பாருங்கள். வடிவம் ஒத்த அசைகளுக்கு ஒரே எழுத்து கொடுங்கள்: க, ச, ட, த. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி ஓர் அட்டவணைக் கட்டத்தில் எழுதி, கட்டத்தின் ஒவ்வொரு கிடை வரிசையையும் அதன் மொத்தத்தால் வகுத்தால் மாற்ற நிகழ்தகவு கிடைக்கும். பாட்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனிக் குறி கொடுக்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் ஒரு பாட்டின் கடைசி அசை அடுத்த பாட்டின் முதல் அசையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆண் ஸீப்ரா ஃபின்ச்சில் இந்தக் கட்டம் சலிப்பூட்டும் அளவுக்குத் தெளிவாக வரும்: அசைகளை ஏறத்தாழ ஒரே வரிசையில் பாடிக்கொண்டே இருக்கும். பெங்கலீஸ் ஃபின்ச்சில் ஓர் அசைக்குப் பின் இரண்டு மூன்று கிளைகள் பிரியும். அது வெண்முதுகுச் சில்லையிலிருந்து மனிதர் வளர்த்தெடுத்த பறவை. காட்டுச் சில்லையின் பாட்டு அதைவிட எளிமையானது என்று கஸுவோ ஒகனோயாவின் குழு நீண்டகாலம் ஆராய்ந்து காட்டியிருக்கிறது.

கட்டத்தை நம்புவதற்கு முன் ஒரு பொறியைத் தெரிந்துகொள்ளுங்கள். ககசடககசடககசட என்று ஓடும் வரிசையில் "க"வுக்குப் பின் பாதி நேரம் "க", பாதி நேரம் "ச". கட்டத்தைப் பார்த்தால் நாணயம் சுண்டிப் போட்டதுபோல இருக்கும். ஆனால் இரண்டு எழுத்து பின்னால் போய்ப் பார்த்தால், "டக"வுக்குப் பின் எப்போதும் "க", "கக"வுக்குப் பின் எப்போதும் "ச". துளியும் தற்செயல் இல்லை. ஓர் எழுத்துக் கட்டத்தில் நிச்சயமின்மை தெரிந்தால், அதைப் பறவையின் படைப்பாற்றல் என்று கொண்டாடும் முன் இரண்டு எழுத்துக் கட்டம் போடுங்கள். அதற்குத் தரவு அதிகம் தேவை: 8 வகை அசை என்றால் ஓர் எழுத்துக் கட்டத்தில் 64 அறைகள், இரண்டு எழுத்துக் கட்டத்தில் 512. நூறில் ஐந்து முறை நடக்கும் மாற்றத்தை ஐந்து முறையாவது பார்க்க அந்த அசை 100 முறை வந்திருக்க வேண்டும்.

அசைகளை வகைப்படுத்துவதில் பிரிப்பவர், சேர்ப்பவர் என்று இரண்டு குணம் உண்டு. அதிகம் பிரித்தால் எல்லாமே அரிதாகிவிடும். அதிகம் சேர்த்தால் பொய்யான கிளைகள் முளைக்கும். பெயர் மறைத்த 50 படங்களை மறுவாரம் மறுபடி வகைப்படுத்திப் பாருங்கள். உங்கள் பழைய முடிவோடு நீங்களே ஒத்துப்போகாத வகைகளைச் சேர்த்துவிடுங்கள்.

மனிதர் தாளத்தைப் பிடிப்பதை அளத்தல்

வேண்டியவை: இரண்டு தடமுள்ள ரெக்கார்டர், கம்பி இணைப்பு, மேசையில் ஒட்டவைக்கக்கூடிய மைக். கிளிக் ஒலியைக் கணினியிலிருந்து கம்பி வழியாக ரெக்கார்டரின் இடத் தடத்துக்கும், பங்கேற்பவரின் கம்பி ஹெட்போனுக்கும் பிரித்து அனுப்புங்கள். விரல் தட்டு வலத் தடத்தில் பதியட்டும். இரண்டும் ஒரே கோப்பில் இருப்பதால் கணினியின் தாமதம் கணக்கில் நுழையாது. புளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது. அதன் தாமதம் 100 மில்லி விநாடியைத் தாண்டுவது சாதாரணம், நாம் தேடும் விளைவோ அதைவிடச் சிறியது.

600 மில்லி விநாடிக்கு ஒரு கிளிக், மொத்தம் 40 கிளிக். "கிளிக்கோடு சேர்ந்து தட்டுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். 40 முடிந்ததும் கிளிக் நின்றுவிடும், அதே வேகத்தில் இன்னும் 30 தட்டு தொடரச் சொல்லுங்கள். முதல் 8 தட்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பிடிமானம் வர அவ்வளவு ஆகும்.

ஒவ்வொரு தட்டின் நேரத்திலிருந்து அதற்குரிய கிளிக்கின் நேரத்தைக் கழியுங்கள். பெரும்பாலானோருக்கு விடை எதிர்ம எண்ணாக வரும்: தட்டு கிளிக்குக்குச் சில பத்து மில்லி விநாடி முந்தி விழுகிறது, அவர்களோ சரியாகச் சேர்ந்து தட்டியதாகவே உணர்கிறார்கள். இது பிழை இல்லை. மூளை அடுத்த கிளிக்கை எதிர்பார்த்து விரலை அனுப்புகிறது என்பதற்கான சான்று. கிளிக்கைக் கேட்ட பிறகு தட்டினால் 150 மில்லி விநாடிக்குக் குறையாமல் பிந்தும். முந்துவது எதிர்பார்ப்பு, பிந்துவது எதிர்வினை. தாள உணர்வைத் தேடும் எந்தச் சோதனையிலும் இந்தக் கோட்டைத் தாண்டியதா என்பதே முதல் கேள்வி.

கிளிக் நின்ற பிறகு வந்த இடைவெளிகளிலும் வரிசையைப் பாருங்கள். நீண்ட இடைவெளிக்குப் பின் குறுகியதும் குறுகியதற்குப் பின் நீண்டதும் வரும் போக்கு தெரியும். விங், கிறிஸ்டோபர்சன் இருவரும் 1973ல் தந்த விளக்கம் எளிமையானது: உள்ளே கடிகாரம் சீராக ஓடுகிறது, கை ஒருமுறை தாமதித்தால் அந்த ஒரு தட்டு தள்ளிப்போய் முந்தைய இடைவெளியை நீட்டி அடுத்ததைக் குறுக்குகிறது. குலுக்கினால் இந்தப் போக்கு மறைந்துவிடும்.

பிறகு வேகத்தை மாற்றுங்கள்: 300, 600, 1200, 2000 மில்லி விநாடி. 2000ல் பலருக்கு முந்துவது உடைந்து, கிளிக்கைக் கேட்டுத் தட்டுவது தலைகாட்டும். மனதுக்குள் எண்ணி இடைவெளியைப் பாதியாக்கிக்கொள்பவர்கள் தப்பித்துவிடுவார்கள். எண்ண வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

விலங்குகளுக்கும் இதே கோடுதான். ஸ்னோபால் என்ற கொண்டைக்கிளி இசைக்கு ஆடுவதை 2009ல் ஆராய்ந்தவர்கள், அது பழகிய பாட்டை வெவ்வேறு வேகங்களில் ஒலிக்கச் செய்தார்கள். வேகம் மாறும்போது ஆட்டமும் மாறினால்தான் அது ஒத்திசைவு. இல்லையென்றால் கிளிக்கு இயல்பான ஒரு வேகம் தற்செயலாகப் பாட்டோடு பொருந்தியிருக்கலாம். கிளி விட்டுவிட்டுத்தான் தாளத்தைப் பிடித்தது, ஆனால் வேகத்துக்கேற்ப மாற்றிப் பிடித்தது. கேட்ட ஒலியைப் பின்பற்றிக் குரலெழுப்பக் கற்கும் விலங்குகளுக்கு மட்டுமே இது கைவரும் என்ற கருத்துக்கு, அப்படிக் கற்பதாகத் தெரியாத இனத்தைச் சேர்ந்த ரோனன் என்ற கடற்சிங்கம் 2013ல் தலையசைத்துத் தாளம் பிடித்தது பெரிய கேள்வியாக அமைந்தது.

கேட்பவருக்கு என்ன கேட்கிறது

மனிதருக்கான சோதனை ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். பொருளற்ற நான்கு மூவசைச் சொற்கள் வைத்துக்கொள்ளுங்கள்: கோமிட, பெலுதி, நாசுவெ, டிரபோ. இடைவெளியே விடாமல், ஒரே சொல் அடுத்தடுத்து வராமல், கலைத்து 2 நிமிடம் ஓடவிடுங்கள். சொல்லுக்குள் ஓர் அசைக்குப் பின் அடுத்தது எப்போதும் நிச்சயம். சொல் எல்லையில் வாய்ப்பு மூன்றில் ஒன்று. 1996ல் சாஃப்ரன், ஆஸ்லின், நியூபோர்ட் மூவரும் இப்படிப்பட்ட ஒலியை 2 நிமிடம் கேட்கவைத்து, 8 மாதக் குழந்தைகள் சொல்லையும் சொல் எல்லையைத் தாண்டிய துண்டையும் பிரித்தறிவதைக் காட்டினார்கள்.

இதைக் கெடுப்பவை இரண்டு. சொல்லைச் சொல்லாகவே பேசிப் பதிந்தால் கடைசி அசை தானாக நீண்டுவிடும், கேட்பவர் அதை வைத்தே எல்லையைப் பிடித்துவிடுவார். ஆகவே ஒவ்வோர் அசையையும் தனியாகப் பதிந்து, நீளத்தையும் உரப்பையும் சமமாக்கி ஒட்டுங்கள். நிமிடத்துக்கு 270 அசை நல்ல வேகம். மற்றது, முதல் சொல் கேட்டவுடனே எல்லை தெரிந்துவிடும். முதல் 5 விநாடியை மௌனத்திலிருந்து மெல்ல மெல்ல உயர்த்துங்கள்.

விலங்குக்கு ஒலிபரப்பிச் சோதிக்கும்போது, நமக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கும் பெரிது என்று கொள்ளாதீர்கள். ஸீப்ரா ஃபின்ச்சுகள் தம் பாட்டில் அசைகளின் வரிசை மாறுவதைச் சரியாகக் கவனிப்பதில்லை. ஆனால் ஓர் அசையைப் பின்னோக்கித் திருப்பி வைத்தால் உடனே கண்டுபிடிக்கின்றன. நமக்கு நேர் எதிர். ஜப்பானியச் சிட்டுகளிலோ வரிசை முக்கியம்: "சுற்றிப் பார்" என்ற அழைப்பும் "அருகே வா" என்ற அழைப்பும் அந்த வரிசையில் சேர்ந்து வந்தால் பறவைகள் இரண்டையும் செய்கின்றன, திருப்பிப் போட்டால் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை என்று 2016ல் தெரியவந்தது.

ஒலிபரப்புக்குச் செயல்முறை இது. ஒவ்வொரு வகைத் தூண்டலுக்கும் குறைந்தது 6 முதல் 10 வெவ்வேறு விலங்குகளின் பதிவுகளிலிருந்து ஒலி எடுங்கள். ஒரே பதிவைப் பத்து விலங்குகளுக்குப் போட்டால் நீங்கள் சோதித்தது அந்த ஒரு பதிவைத்தான். எல்லாவற்றின் உரப்பையும் ஒரே அளவில் வையுங்கள், விலங்கின் இயல்பான உரப்பைத் தாண்டாதீர்கள். 1 நிமிடம் மௌனமாகப் பார்த்தல், 1 நிமிடம் ஒலி, 2 நிமிடம் மறுபடி பார்த்தல். வீடியோவில் நடத்தையை எண்ணுபவருக்கு எந்த ஒலி போட்டது என்று தெரியக்கூடாது; ஒலித்தடத்தை அணைத்துக் கொடுங்கள். ஒரே விலங்குக்கு ஒரே நாளில் இரண்டாம் முறை வேண்டாம். கூடு கட்டி முட்டையிடும் காலத்தில் வேண்டவே வேண்டாம்: எதிரியின் குரலைக் கேட்டு வெளியே வரும் பறவை, அந்த நேரம் முழுவதும் கூட்டை விட்டுவிட்டு நிற்கிறது.